முதல் நாலு வாரம் நீங்கள்தான் தாய்க்கோழி

போன இதழில் கொல்லையில் கோழி வளர்ப்பதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கதை: தீவனக் கடைக்குத் தவிடு வாங்கப் போனேன், அங்கே அட்டைப் பெட்டிக்குள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, மனசு கேட்கவில்லை, இருபது குஞ்சு வாங்கி வந்துவிட்டேன், இப்போது பன்னிரண்டுதான் மிச்சம், என்ன செய்ய? ஆகவே இந்த முறை பதில் எல்லாம் குஞ்சுக்கு மட்டும். மாட்டுக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி): தை மாதம் 25 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினேன். அட்டைப் பெட்டியில் விட்டு, கடைக்காரர் சொன்னபடி பல்பும் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து எட்டுக் குஞ்சு செத்துப்போயிருந்தது. கடையில் போய்க் கேட்டால் 'குஞ்சுன்னா நாலு போகத்தானம்மா செய்யும்' என்கிறார். இது என்ன நோய்?

பதில்: நோய் இல்லை அம்மா, குளிர். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் '9 வாட் எல்இடி பல்பு' என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது; கரண்ட் பில் குறைவதற்குக் காரணமே அதுதான். குஞ்சுக்குப் பல்பு போடுகிற பழக்கம் வந்த காலத்தில் பல்பு என்றால் குண்டு பல்பு, உள்ளே கம்பி பழுத்து எரியும், கை வைத்தால் சுடும். அந்தச் சூட்டுக்காகத்தான் போடச் சொன்னார்கள். பல்பு மாறிவிட்டது, கடைக்காரர் வாயில் சொல் மாறவில்லை.

முதல் வாரத்தில் குஞ்சு இருக்கிற இடம் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ், பழைய கணக்கில் 95 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். தை மாத விடியற்காலையில் உங்கள் ஊரில் 20க்குப் பக்கத்தில் வந்துவிடும். குஞ்சின் மேல் இருப்பது இறகு இல்லை, வெறும் பூமயிர். உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் தெம்பு அதற்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை தாய்க்கோழியின் இறக்கைக்குள் போய்ப் பதுங்கிச் சூடேற்றிக்கொண்டு வெளியே வரும், மறுபடி உள்ளே போகும், நாள் முழுக்க இதே வேலைதான். கடையில் வாங்கிய குஞ்சுக்கு அந்த இறக்கை இல்லை. அந்த இடத்தில்தான் நீங்களும் பல்பும்.

கணக்கு சுலபம். ஒரு குஞ்சுக்கு 2 வாட், நல்ல குளிர் காலமாக இருந்தால் 3. 25 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும், ஆனால் ராத்திரியில் அது ஃபியூஸ் போனால் கதை முடிந்தது, அதனால் 40 வாட்டில் இரண்டாகப் போட்டுவிடுவது என் வழக்கம். தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கட்டும். குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, பழைய எலெக்ட்ரிக்கல் கடைகளில் தேடுங்கள். வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் குறைகிற மாதிரி பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டே போய், மூன்று நாலு வாரத்தில் நிறுத்திவிடலாம். சித்திரை வைகாசியில் வாங்கியவர்கள் பகலில் போடவே வேண்டாம், அப்போது வெயிலிலிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

தெர்மாமீட்டர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ராத்திரி பத்து மணிக்குப் போய் இரண்டு நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். பல்புக்கு நேர் கீழே நெருக்கியடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கூர்மையாக விடாமல் கத்தினால் குளிர். பல்பை விட்டு ஓரமாக ஒதுங்கி, வாயைத் திறந்து, இறக்கையை அகட்டிக்கொண்டு மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று நுழைகிறது. பரவலாகப் படுத்து, சில காலைக்கூட நீட்டிக்கொண்டு, நடுவில் ஒன்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடுத்ததன் முதுகில் தலை சாய்த்தால் சரியாக இருக்கிறது, நீங்கள் போய்த் தூங்கலாம்.

அப்புறம் அந்த மூலை. அட்டைப் பெட்டிக்கு நாலு மூலை இருக்கிறது. குளிர்ந்தால் குஞ்சு மூலைக்குத்தான் போகும், ஒன்று போனால் எல்லாம் போகும், அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் சாகும். தகடோ அட்டையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். 25 குஞ்சுக்கு மூன்றடி விட்டம் முதல் இரண்டு வாரத்துக்குத் தாராளம். கீழே இரண்டு அங்குலத்துக்கு உமியோ கடலைத் தோலோ பரப்பி, முதல் மூன்று நாலு நாள் அதன்மேல் சாக்கு விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தீவனம் என்று நினைத்து உமியைக் கொத்தித் தின்னும். வழவழப்பான பேப்பர் வேண்டாம். கால் வழுக்கி வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்து, அப்புறம் எழுந்து நிற்கவே நிற்காது.

எனக்கும் நடந்ததுதான் இது. முதல் தடவை 30 குஞ்சு வாங்கி, பல்பு, தகடு எல்லாம் சரியாகச் செய்து, பெருமையாகப் படுத்துவிட்டேன். நடுராத்திரி கரண்ட் போனது எனக்குத் தெரியாது, மின்விசிறி நின்றதுகூடத் தெரியாத தூக்கம். விடிந்து போய்ப் பார்த்தால் ஒரே குவியல். மேலே இருந்தவை கத்திக்கொண்டிருந்தன, அடியில் இருந்தவை நனைந்து பிழிந்த பஞ்சு மாதிரி தட்டையாகக் கிடந்தன. 11 போயிற்று. அன்றிலிருந்து குஞ்சு இருக்கிற வரை, வெந்நீர் ஊற்றிய தூக்குவாளியைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். கரண்ட் போனாலும் மூன்று நாலு மணி நேரம் தாங்கும். பானையில் கரித்தணல் வைப்பவர்களும் உண்டு, காற்றோட்டம் இல்லாத அறையில் அதை மட்டும் செய்யாதீர்கள், குஞ்சோடு ஆளையும் கொண்டுபோய்விடும்.

கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். 25இல் ஒன்றிரண்டு போவது உண்டு, அது யார் வளர்த்தாலும் போகும். எட்டு போனால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கேள்வி (திருவண்ணாமலை வாசகர்): கடையில் நூறு குஞ்சு ஒரே பெட்டியில் கிடக்கிறது. நல்லதை எப்படிப் பார்த்து எடுப்பது? வீட்டுக்கு வர பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும், தீனி கொடுக்காமல் தாங்குமா?

பதில்: தாங்கும். பொரிப்பதற்குச் சற்று முன்பு முட்டையின் மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, அந்தக் கட்டுச்சோற்றை வைத்து இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட ஓட்டிவிடும். ஒரு நாள் குஞ்சை ஊர்விட்டு ஊர் அனுப்புகிற வியாபாரமே இதை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் கடையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பது முக்கியம், அதனால் முதல் கேள்வியாகப் பொரித்த தேதியைக் கேளுங்கள். இரண்டாவது, எந்தப் பொரிப்பகம். மூன்றாவது, கால் இழுத்துக்கொள்கிற மேரக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கு ஊசி போட்டாயிற்றா. அது பொரித்த அன்றே பொரிப்பகத்தில் போட வேண்டியது, வீட்டுக்கு வந்து நாம் போட்டுச் சரிசெய்யக்கூடியது இல்லை.

குஞ்சைக் கையில் எடுத்து மல்லாக்கப் போடுங்கள். நல்ல குஞ்சு இரண்டு மூன்று நொடியில் உதறிக்கொண்டு எழுந்து நிற்கும். அடிவயிற்றைப் பாருங்கள், தொப்புள் மூடிக் காய்ந்திருக்க வேண்டும், கறுப்பாகப் பொத்தான் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாலோ ஈரமாக இருந்தாலோ வேண்டாம். பின்பக்கம் எச்சம் ஒட்டியிருந்தால் வேண்டாம். கண் பளிச்சென்று, கால் மினுமினுப்பாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தனியாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறதைப் பார்த்துப் பாவப்பட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். சொன்னால் கேட்பதில்லை.

ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் கொண்டுவாருங்கள், பஸ் ஜன்னல் ஓரம் வேண்டாம். வந்ததும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீனி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு தடவை அதில் முக்கி எடுத்துவிடுங்கள். ஒரு தடவை ருசி தெரிந்துவிட்டால் போதும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவையுங்கள், ஒரு அங்குலத் தண்ணீரில்கூட விழுந்து நனைந்து விறைத்துச் சாகிற ஜாதி இது.

கேள்வி (சிவகங்கை வாசகி): குஞ்சுத் தீவனம் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. 'அந்தக் காலத்தில் நாங்கள் நொய்யரிசி போட்டே வளர்த்தோம்' என்கிறார் மாமியார். குருணை மட்டும் போட்டால் வளராதா?

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் போட்ட நொய்யரிசி காலையில் ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு கைப்பிடி. நடுவில் பகல் முழுக்கத் தாய்க்கோழி குப்பையைக் கிளறிக் கிளறிப் புழுவும் பூச்சியும் கரையானும் எடுத்துக் கொடுத்ததே, அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் தீனியில் நூற்றுக்கு 20 பங்கு புரதம் வேண்டும். அரிசிக் குருணையில் இருப்பது 7, 8தான். தகட்டுக்குள் அடைத்துவைத்துக் குருணை மட்டும் போட்டால் இறகு முளைக்காமல், இறக்கை தொங்கி, ஒரு மாதம் ஆனாலும் பத்து நாள் குஞ்சு மாதிரியே இருக்கும். அப்புறம் ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பிக்கும்.

எட்டு வாரத்துக்கு ஒரு குஞ்சு தின்பது ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு கிலோ. பத்துக் குஞ்சுக்கு 20 கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பயந்த அளவுக்கு வராது. முதல் நாலு வாரமாவது குஞ்சுத் தீவனமே கொடுங்கள், அதன்பிறகு கம்பு, உடைத்த மக்காச்சோளம், குருணை என்று மெல்ல மெல்லக் கலந்துகொள்ளலாம். கரையானை விடாதீர்கள். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவைத்துவிட்டு விடிகாலையில் எடுத்தால் உள்ளே மொய்த்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் இறங்கிப் போய்விடும், அதனால் சீக்கிரம் எழ வேண்டும். அந்தப் பானையைத் தட்டிக் கொட்டும்போது குஞ்சுகள் ஓடிவருகிற ஓட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் சீக்கிரம் எழுவது தானாக வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டில் முட்டைக் கோழித் தீவனம் இருக்கிறதே என்று அதைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து மூன்று நாலு மடங்கு இருக்கும், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி (ஒட்டன்சத்திரம் வாசகர்): என்னிடம் இருப்பது பத்துக் குஞ்சு. கழிச்சலுக்குச் சொட்டு மருந்து கேட்டால் மருந்துக் கடையில் நூறு கோழிக்கான குப்பிதான் இருக்கிறது என்கிறார்கள். பத்துக்காக அதை வாங்க வேண்டுமா? மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுத்தால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

பதில்: வாங்குங்கள். பத்துச் சொட்டுப் போக மிச்சத்தைக் கீழே கொட்டினாலும் லாபம்தான். அதைவிட நல்லது, தெருவில் கோழி வைத்திருக்கிற நாலைந்து வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் எல்லோருமாகப் போட்டுவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூப்பிடுங்கள், அவர் கோழிக்கு வந்தால் அடுத்தது உங்களுக்குத்தான்.

நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிற நோய்க்கு நம் ஊர்ப் பெயரே ஒன்று உண்டு, ராணிக்கெட். 1926இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருஷமே இமயமலைப் பக்கத்து மலையூரான ராணிக்கெட்டில் தலைகாட்டியது, இந்தியாவில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. வைரஸ் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், வந்தபிறகு வைத்தியம் கிடையாது. ஊசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் கூட்டையே காலி செய்துவிட்டுத்தான் போகும். மஞ்சள், வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி எல்லாம் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன், ஒன்றும் கெடுதல் இல்லை. சொட்டு மருந்துக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் லசோட்டா அல்லது எஃப் 1, இரண்டும் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டுதான். 14ஆம் நாள் கம்போரோ என்கிற இன்னொரு வைரஸ் நோய்க்கு. நாலாம் வாரம் மறுபடி லசோட்டா. எட்டு வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கே ஆர்2பி, இது ஊசி, கால்நடை மருத்துவமனையில் போட்டுக்கொள்வது நல்லது. அம்மைக்கும் ஆறு எட்டு வாரத்தில் ஒன்று உண்டு, கொசு அதிகம் இருக்கிற இடமாக இருந்தால் விடாதீர்கள். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம், எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இலவசமாகப் போடுவார்கள், உங்கள் ஊருக்கு எந்தத் தேதி என்று மருந்தகத்தில் விசாரித்துவையுங்கள்.

சொட்டுப் போடுகிற விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, சூடு பட்டால் செத்துவிடும், அப்புறம் நீங்கள் போடுவது வெறும் தண்ணீர். கடையிலிருந்து ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவர் இன்றைக்கும் 'மருந்தெல்லாம் ஏமாத்து' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலை வெயிலுக்கு முன்போ சாயங்காலமோ, குப்பியோடு கொடுத்த திரவத்திலேயே கலக்கி, ஒரு கண்ணிலோ மூக்குத் துவாரத்திலோ ஒரே ஒரு சொட்டு. விட்டவுடன் குஞ்சைக் கீழே போட்டுவிடாதீர்கள். கண்ணை ஒரு தடவை சிமிட்டி, சொட்டு உள்ளே போன பிறகு விடுங்கள். கலக்கியது இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்கு என்பதெல்லாம் கிடையாது. வாடி நிற்கிற குஞ்சுக்குப் போடாதீர்கள், தேறட்டும்.

கேள்வி (கரூரிலிருந்து ஐந்தாம் வகுப்பு மாணவி): திருவிழாவில் அப்பா எனக்கு ரோஸ் கலர் கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுத்தார். அது பெரிசானாலும் ரோஸ் கலரிலேயே இருக்குமா? எப்போது முட்டை போடும்? ராத்திரி கத்திக்கொண்டே இருக்கிறது.

பதில்: இருக்காது கண்ணு. அது சாயம். பூமயிர் உதிர்ந்து இறகு முளைக்கும்போது இரண்டு மூன்று வாரத்தில் ரோஸ் போய் வெள்ளையாகிவிடும். முட்டையும் போடாது, ஏனென்றால் அது பெரும்பாலும் சேவல் குஞ்சு. முட்டைக் கோழி வளர்க்கிறவர்களுக்குப் பெட்டைதான் வேண்டும், சேவல் குஞ்சு தேவையில்லை, அவற்றை மலிவாக வாங்கிச் சாயம் போட்டு விற்கிறார்கள். ராத்திரி கத்துவது குளிரினாலும் தனியாக இருப்பதாலும். அப்பாவிடம் குண்டு பல்பு போட்டுத் தரச் சொல், மேலே இருக்கிற முதல் பதிலை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல். துணைக்கு இன்னும் இரண்டு குஞ்சு இருந்தால் நல்லது. அதைத் தொட்டு விளையாடினால் சோப்புப் போட்டுக் கை கழுவு, முத்தம் மட்டும் கொடுக்காதே, கோழியின் எச்சத்தில் வயிற்றுப்போக்கு வரவைக்கிற கிருமி இருக்கும். விடியற்காலையில் அது முதல் தடவை கூவும்போது எனக்கு எழுது.

கேள்வி (மதுரை வாசகி): வீட்டில் ஒரு கோழி அடைக்குப் படுத்திருக்கிறது. கடையில் வாங்கும் குஞ்சுகளை அதனிடமே விட்டால் சேர்த்துக்கொள்ளுமா?

பதில்: சேர்த்துக்கொண்டால் உங்களுக்கு யோகம், பல்பு வேலையே மிச்சம். இரண்டு நிபந்தனை. கோழி அடையில் உட்கார்ந்து குறைந்தது இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், பொரிக்கிற 21 நாளை நெருங்க நெருங்க நல்லது. குஞ்சு ஒரு நாள், இரண்டு நாள் வயசுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேலே போனால் குஞ்சுக்கே தாய் வேண்டாமல் போய்விடும். கோழியின் பேன் குஞ்சுக்கு ஏறினால் குஞ்சு தாங்காது, அதனால் முதலில் கோழியைத் தூக்கி இறக்கைக்கு அடியில் பாருங்கள்.

நன்றாக இருட்டிய பிறகு, டார்ச் அடிக்காமல், அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குஞ்சை நுழையுங்கள். கோழி தொண்டைக்குள்ளேயே கொக்கொக் என்று மெல்லிசாகப் பேசினால் ஏற்றுக்கொண்டது. பத்து நிமிஷம் விட்டு அடுத்தது. நாட்டுக்கோழியால் பத்துப் பன்னிரண்டு குஞ்சை மூட முடியும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். விடிகிற நேரத்தில் பக்கத்தில் இருங்கள், வெளிச்சத்தில் பார்த்துக் கொத்த ஆரம்பித்தால் உடனே பிரித்துப் பல்புக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி (பெரம்பலூர் வாசகர்): பெட்டைக் குஞ்சாகவே பொறுக்கித் தருகிறேன், குஞ்சுக்கு ஐந்து ரூபாய் அதிகம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? தலைகீழாகப் பிடித்தால் தெரியும் என்கிறாரே.

பதில்: அந்த ஐந்து ரூபாயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் குஞ்சின் பின்பக்கத்தைப் பிதுக்கிப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்கிற வித்தையை 1920களில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள், அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள்தான் செய்ய முடியும். சில கலப்பு ரகங்களில் இறக்கை இறகின் நீளத்தை வைத்துச் சொல்லலாம். நாட்டுக் குஞ்சில் இரண்டும் இல்லை, பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் கொண்டையும் நடையும் தானே சொல்லிவிடும்.

கேள்வி (கோபி வாசகர்): சிறுவிடை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் சேவல் இரண்டு கிலோ வந்துவிட்டது. சந்தோஷப்படுவதா?

பதில்: கறிக்கு என்றால் சந்தோஷப்படுங்கள். ஆனால் அது சிறுவிடை இல்லை. சிறுவிடை என்பது நம் ஊர்ச் சின்ன நாட்டுக்கோழி. அசல் சிறுவிடைச் சேவல் மூன்று மாதத்தில் ஒரு கிலோ தொடுவதற்கே திணறும். தீவனக் கடையில் 'நாட்டுக்கோழி' என்று வருவதில் பெரும்பகுதி கலப்புக் குஞ்சுதான். வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா, நந்தனம் கோழி என்று இதற்காகவே ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய ரகங்கள் இருக்கின்றன, வளர்ச்சியும் முட்டையும் நாட்டுக்கோழியைவிட அதிகம், அவற்றைப் பெயர் சொல்லி விற்றால் யாருக்கும் குறை இல்லை. பெயரை மறைத்து விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் இந்த ரகங்களில் பெட்டை அடைக்குப் படுப்பது அபூர்வம். முட்டை வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்குகிறவர் ஒரு வருஷம் கழித்துத்தான் ஏமாந்தது தெரிந்துகொள்வார். அசல் வேண்டுமென்றால் கடையை விட்டுவிட்டு, பல வருஷமாகக் கோழி வைத்திருக்கிற ஒரு வீட்டைத் தேடிப் போய் முட்டை வாங்கி அடை வையுங்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): ஒரு மாதக் குஞ்சு ரத்தமாகக் கழிகிறது. வெள்ளைக்கழிச்சலா?

பதில்: இல்லை, பெரும்பாலும் ரத்தக்கழிச்சல், அது வேறு. குடலில் வருகிற ஒட்டுண்ணி, மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை அதற்குப் பிடித்த வயசு, ஈரமான படுக்கை அதற்குப் பிடித்த இடம். மருந்து உண்டு, எச்சத்தைப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள், நாளைக்கு என்றால் நாளைக்கு இரண்டு குறைந்திருக்கும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நசநசவென்று இருக்கிற உமியை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். தட்டை ஒரு செங்கல் மேல் ஏற்றிவைத்தால் பாதி ஈரம் குறையும்.

கேள்வி (உடுமலை வாசகி): எப்போது வெளியே மேய விடலாம்?

பதில்: உடம்பெல்லாம் இறகு மூடிய பிறகு. ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குள் இரண்டு தடவை சொட்டு மருந்தும் போட்டு முடித்திருப்பீர்கள். முதல் சில நாள் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் மேயட்டும், காகமும் பருந்தும் நீங்கள் முதுகைத் திருப்புகிற நேரத்துக்காகவே காத்திருக்கும். ராத்திரிக்கு அரை அங்குலக் கண்ணி வலை போட்ட கூண்டு, அதற்கும் பெரிய கண்ணி என்றால் எலி நுழைந்துவிடும், கீரி வலையைப் பல்லால் இழுத்துப் பார்க்கும். முதல் மூன்று நாலு சாயங்காலம் ஒவ்வொன்றாக நீங்களேதான் துரத்திப் பிடித்து அடைக்க வேண்டியிருக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாள் பொழுது சாய்கிற நேரத்துக்குக் கூண்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, இவள் ஏன் இன்னும் கதவைத் திறக்கவில்லை என்று கத்தும்.